சிப்பிச் சரத்தில் என்ன கோளாறு? அறிகுறி பார்த்துத் திருத்தும் வழி

கேரளத்தில் பெரியாற்றின் ஒரு கிளை முனம்பத்தில் கடலைத் தொடுவதற்குச் சற்று முன்னால் மூத்தகுன்னம், சத்தார் தீவு ஆகிய ஊர்கள் வரும். ஆறு எங்கே முடிகிறது, காயல் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாத இடம். வீட்டுப் பின்புறம் இறங்கினால் தண்ணீரில் மூங்கில் சட்டங்கள் நிற்கும். அவற்றிலிருந்து சிப்பிச் சரங்கள் தொங்கும்: கயிற்றில் கோத்த பழைய ஓடுகள், அவற்றின்மேல் ஒட்டி வளரும் சிப்பிகள். தெற்கே கொல்லத்தில் அஷ்டமுடிக் காயலிலும் இதே முறைதான். முத்துச் சிப்பி இல்லை, சாப்பிடுகிற சிப்பி. மலையாளத்தில் கடல்முரிங்ஙா என்பார்கள். தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1970களில் செய்து பார்த்த வேலை, 1990களில் கேரளக் காயல்களுக்கு வந்து குடும்பத் தொழிலாகிவிட்டது. பெரும்பாலும் பெண்கள்தான் பார்க்கிறார்கள்.

சிப்பிக்கு நாம் தீனி போடுவதில்லை. ஓடுகிற தண்ணீரில் இருக்கும் நுண்பாசியை அதுவே வடிகட்டித் தின்றுகொள்ளும். மருந்தும் கிடையாது, ஆற்றில் எதைக் கொட்டினாலும் கடல் வற்றும் அடுத்த இறக்கத்தில் கடலுக்குப் போய்விடும். ஆகவே கோளாறு எதுவானாலும் நம் கையில் இருப்பது சரம் தொங்கும் இடம், தொங்கும் உயரம், போடும் நாள், எடுக்கும் நாள், அவ்வளவுதான். கீழே சொல்லும் தீர்வுகள் எல்லாம் இவற்றுக்குள்தான் சுற்றிவரும். “என்ன மருந்து அடிக்கலாம்?” என்று கேட்பவர்களுக்கு இந்தக் கட்டுரை ஏமாற்றமாகத்தான் இருக்கும்.

கையில் என்ன வேண்டும்? உப்பு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்று. இது இல்லாமல் நாக்கில் வைத்துப் பார்த்து உப்பைச் சொல்பவர்கள் உண்டு. 10-க்கும் 20-க்கும் (ஆயிரத்துக்கு இத்தனை பங்கு என்ற கணக்கு) வித்தியாசம் சொல்லலாம், 18-க்கும் 22-க்கும் முடியாது. அப்புறம் அடிச்சேறு பார்க்க ஒரு நீளக் கழி, சிப்பி திறக்கும் மொண்ணைக் கத்தி, சமையலறைத் தராசு, மூடி போட்ட ஒரு பாட்டில். பாட்டிலின் கழுத்தில் கல்லும் கயிறும் கட்டி, கார்க் மூடியில் தனியாக ஒரு நூல் கட்டிக்கொள்ளுங்கள். அடிக்கு இறக்கி நூலைச் சுண்டினால் மூடி திறந்து அடித்தண்ணீர் நிரம்பும். இந்தப் பாட்டில் எதற்கென்று அடுத்த பகுதியிலேயே தெரிந்துவிடும்.

சிப்பிகள் வாய் பிளந்து கிடக்கின்றன

பதறிப்போய்த் தேடுகிறவர்கள் பெரும்பாலும் இதைத்தான் தேடுவார்கள். முதலில் செத்ததா என்று உறுதி செய்யுங்கள். தண்ணீருக்குள் இருக்கும்போது சிப்பி வாய் திறந்துதான் இருக்கும், தின்பதே அப்படித்தான். சரத்தை மேலே தூக்கி, கத்தியின் பிடியால் ஒரு தட்டு தட்டுங்கள். உயிருள்ளது உடனே மூடிக்கொள்ளும். மூடாதது போய்விட்டது. மூடியிருந்தும் “டொக்” என்று கூடு போல ஒலித்தால் உள்ளே சேறுதான் இருக்கிறது.

அடுத்து, எப்போது செத்தது? இரண்டு ஓடும் மூட்டில் ஒட்டியபடி காலியாக இருப்பதை எடுத்து உள்பக்கம் பாருங்கள். வெள்ளை வெளேரென்று பளபளத்தால் சில நாளுக்குள் செத்தது. வழவழவென்று சேற்றுப்படலம் படிந்து, குண்டூசித் தலை அளவு கொட்டலசு (பார்னக்கிள்) முளைத்திருந்தால் செத்து வாரங்கள் ஆகியிருக்கும். இந்த வித்தியாசம் முக்கியம். நேற்றைய மழையைத் திட்டிக்கொண்டிருப்போம். சாவு போன மாதமே தொடங்கியிருக்கும்.

மூன்றாவதாக, சரத்தில் எந்த இடத்தில் செத்திருக்கிறது? என் அனுபவத்தில் பாதிக் கோளாறுக்கு இந்த ஒரு கேள்வியிலேயே விடை கிடைத்துவிடும். ஒரு மீட்டர்ச் சரத்தில் ஐந்தாறு ஓடு கோத்திருப்போம். ஒரே சரத்தைப் பார்த்து முடிவுக்கு வராமல் சட்டத்தின் நாலு மூலையிலும் நடுவிலும் சரங்களை எடுத்து, மேல் ஓடு, நடு ஓடு, கீழ் ஓடு என்று தனித்தனியாகச் செத்தவற்றை எண்ணுங்கள்.

மேலே செத்து, கீழே உயிரோடு இருந்தால் சந்தேகம் நன்னீர் மீது. ஆற்றுத் தண்ணீர் லேசானது, கடல் தண்ணீர் கனமானது. முகத்துவாரத்தில் ஆற்றுத் தண்ணீர் மேலே மிதந்து வரும்; உப்புத் தண்ணீர் அடியில் ஆப்பு மாதிரி நுழையும். நல்ல மழைக்குப் பிறகு மேல்தண்ணீரில் உப்பு 5 காட்டும்போது அடிப்பாட்டிலில் 20 காட்டலாம். மேல்தண்ணீரை மட்டும் அளந்துவிட்டு “எல்லாம் போச்சு” என்று முடிவு கட்டக் கூடாது. இந்தச் சிப்பி நன்றாக வளர உப்பு 22 முதல் 35 வரை வேண்டும். அதற்குக் கீழே போனால் உடனே சாகாது. ஓட்டை இறுக மூடிக்கொண்டு, தின்னாமல், உள்ளே வைத்திருக்கும் உப்புத் தண்ணீரிலேயே சில நாள் சமாளிக்கும். வெயில் காலத்தில் தண்ணீர் சூடாக இருந்தால் அந்தச் சில நாளும் குறையும்.

என்ன செய்வது? ஏப்ரல், மே மாதங்களில் வரும் கோடை மழை என்றால் பெரும்பாலும் ஒன்றும் செய்ய வேண்டாம். அடியில் உப்பு இருக்கிறதா பாருங்கள். இருந்தால், சரத்தின் மேல் கயிற்றை அவிழ்த்து அரை அடி, ஓரடி இறக்கிக் கட்டுங்கள், சேற்றில் மட்டும் முட்டக் கூடாது. மூடிக்கொண்டிருக்கும் சிப்பியைத் தூக்கித் தூக்கிப் பார்த்து அலைக்கழிக்காதீர்கள். ஜூனில் தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டால் கதை வேறு. அப்போது மேலும் கீழும் ஒரே நன்னீர். அதனால்தான் கேரளத்தில் மே முடிவதற்குள் அறுவடையை முடித்துவிடுகிறார்கள். “இன்னும் கொஞ்சம் பருக்கட்டும், ஜூன் பாதியில் எடுக்கலாம்” என்ற ஆசை வரும். விட வேண்டிய ஆசை. 2018 ஆகஸ்ட் வெள்ளம் போல ஒன்று வந்தால் சரத்தில் மிஞ்சி இருக்கும் எதையும் காப்பாற்ற வழி இல்லை.

பழவேற்காடு, முட்டுக்காடு என்று தமிழ்நாட்டுக் கிழக்குக் கரையில் செய்ய நினைப்பவர்கள் இந்த மாதக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்களுக்கு நன்னீர் வருவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவமழையில். போதாக்குறைக்கு, அலை மணலைத் தள்ளி முகத்துவாரம் அடைபடும் வழக்கமும் அங்கே உண்டு. அடைபட்டால் ஏற்றவற்றம் நின்று, மழையில் உப்பு சடசடவென்று இறங்கும், கோடையில் கடலைத் தாண்டி ஏறும். இடம் பார்க்கும்போதே முகத்துவாரம் வருடத்தில் எத்தனை மாதம் திறந்திருக்கிறது என்று அந்த ஊர் மீனவரிடம் கேட்டுவிடுங்கள். அதற்குப் பதில் சரியில்லை என்றால் மற்றதெல்லாம் கேட்டுப் பயனில்லை.

மேல் ஓடு சாவதற்கு இன்னொரு காரணம் வெயில். மழையே இல்லை, உப்பும் சரி, ஆனால் மேல் வரிசை மட்டும் போயிருக்கிறது என்றால் காலண்டரை எடுத்து அமாவாசை, பௌர்ணமி பாருங்கள். அந்த நாட்களில் தண்ணீர் அதிகம் ஏறும், அதிகம் இறங்கும். இறக்கம் நடுப்பகலில் விழுந்தால் மேல் சிப்பி மணிக்கணக்கில் வெயிலில் வெந்துவிடும். அடுத்த பௌர்ணமிக்கு முன் சரத்தை இறக்கிக் கட்டினால் போதும்.

கீழே செத்து, மேலே நன்றாக இருந்தால் சேறு. நீளக் கழியை அடியில் குத்தி எடுத்து முகர்ந்து பாருங்கள். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் அடித்தண்ணீரில் ஆக்சிஜன் இல்லை. சிப்பியின் வெளி ஓடும் கீழ்ப்பக்கம் கறுத்திருக்கும். காயலோரத்தில் தேங்காய் மட்டை ஊறப்போடும் குழிகள் இருந்தால் இது சகஜம். பொக்காளி வயலில் (நெல்லும் இறாலும் மாறி மாறி வளர்க்கும் உவர்நில வயல்) இறால் பிடித்து முடித்து மடையைத் திறந்துவிடும் நாட்களிலும் கறுப்புத் தண்ணீர் வரும். சில சமயம் காரணம் இன்னும் எளிது: சட்டம் நட்டபோது இருந்த ஆழம் இப்போது இல்லை. கழிகள் நீரோட்டத்தை மட்டுப்படுத்தும், சேறு அங்கேயே படியும், ஒரு பருவத்தில் அடி உயர்ந்துவிடும். தாழ்ந்த இறக்கத்தின்போது கடைசி ஓட்டுக்கும் சேற்றுக்கும் நடுவே ஓரடியாவது இடைவெளி இருக்க வேண்டும். இல்லையென்றால் சரத்தைச் சுருக்கிக் கட்டுங்கள். அடுத்த பருவத்துக்குச் சட்டத்தை நகர்த்துங்கள். ஒரே இடத்தில் மூன்றாவது, நான்காவது வருடமும் நட்டு “இந்த வருடம் ராசியில்லை” என்று சொல்வதில் அர்த்தமில்லை.

மேலும் கீழுமாகப் பரவலாகச் செத்திருந்தால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். முட்டை விட்ட கையோடு சிப்பி சோர்ந்திருக்கும். அப்போது வெப்பமும் சேர்ந்தால் சில விழும். நூற்றில் ஐந்து, பத்து என்றால் கவலை வேண்டாம். வாரத்துக்கு வாரம் கூடிக்கொண்டே போனால் நோய் இருக்கலாம். பெர்கின்சஸ் என்ற ஒட்டுண்ணி கேரளச் சிப்பிகளில் பதிவாகியிருக்கிறது. மனிதருக்கு அதனால் தீங்கில்லை, சிப்பிதான் மெலிந்து சாகும். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, ஆய்வகச் சோதனை வேண்டும். செத்ததை எடுத்துப் போகாதீர்கள். அழுகியதில் ஒன்றும் பார்க்க முடியாது. தட்டினால் மெதுவாக மூடுகிற, உயிருள்ள சிப்பிகளை ஈரச் சாக்கில் சுற்றிக் குளிர்ப்பெட்டியில் வைத்து அன்றைக்கே கொண்டுபோங்கள். பனிக்கட்டி மேலே நேராகப் படக் கூடாது. முடிவு தெரியும் வரை அந்தச் சட்டத்தின் சரத்தையோ குஞ்சையோ வேறு காயலுக்குக் கொடுக்காதீர்கள், சொந்தக்காரர் கேட்டாலும்.

ஓடு உடைந்திருக்கிறது, அல்லது துளை இருக்கிறது

ஓரம் கடித்துத் துப்பியது போல நொறுங்கியிருந்தால் நண்டு. குஞ்சாக இருக்கும் முதல் இரண்டு மாதத்தில்தான் இது பெரிய தொல்லை. சேற்று நண்டு கழியில் ஏறி வரும், சேற்றைத் தொடும் சரத்தில் இன்னும் சுலபமாக ஏறும். இடைவெளி விட்டால் பாதித் தொல்லை போகும். மீதிக்கு நண்டுக்கூடு வைத்துப் பிடியுங்கள், குழம்புக்கு ஆகும்.

ஓட்டில் துரப்பணம் போட்டது போலச் சுத்தமான ஒரு வட்டத் துளை, உள்ளே சதை இல்லை என்றால் துளைபோடும் சங்கு. துளையே இல்லாமல் வாய்வழியாகத் தின்கிற சங்குகளும் உண்டு. தூத்துக்குடியில் தட்டுகளில் வளர்த்த காலத்திலேயே இவை தொல்லை கொடுத்தன. கையால் பொறுக்குவது தவிர வழியில்லை. சங்கோடு அதன் முட்டைக் கூட்டையும் எடுத்துக் கரையில் போடுங்கள். திரும்ப ஆற்றில் எறிந்தால் நாளைக்கு வந்துவிடும்.

சரமே காணவில்லை என்றால் அது நண்டுமில்லை, சங்குமில்லை. பக்கத்து வீட்டுக்காரர்களோடு முறை வைத்துக் காவல் போடுங்கள்.

சரம் போட்டும் குஞ்சு ஒட்டவில்லை

சிப்பிக் குஞ்சு இரண்டு மூன்று வாரம் தண்ணீரில் நீந்தித் திரிந்துவிட்டு, சுத்தமான கடினமான ஒரு பரப்பைத் தேடி ஒட்டும். ஒருமுறை ஒட்டினால் இடம் மாறாது. நாம் தொங்கவிடும் பழைய ஓடு அந்த நாளில், அந்த வாரத்தில் சுத்தமாக இருக்க வேண்டும். எல்லாம் அதில்தான் இருக்கிறது.

இங்கே மழைக்காலம் முடிந்து, உப்பு ஏறி, நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி வரை குஞ்சு ஒட்டும். பலர் செய்வது, அக்டோபரிலேயே ஆளைக் கூப்பிட்டு எல்லாச் சரத்தையும் கட்டிவிடுவது. குஞ்சு வருவதற்குள் ஓட்டின் மேல் சேறும் வழவழப்பும் ஏறி, கொட்டலசு இடம் பிடித்துவிடும். வந்த குஞ்சு எங்கே உட்காரும்?

ஆகவே முதலில் ஐந்தாறு சோதனைச் சரம் மட்டும் போடுங்கள். வாரம் ஒருமுறை எடுத்து, ஓட்டின் உள்பக்கத்தை வெயிலில் சாய்த்துப் பாருங்கள். சிப்பிக் குஞ்சு மிளகைத் தட்டையாக அமுக்கி வைத்தது போலப் பழுப்பாக, ஓட்டோடு ஓடாக ஒட்டியிருக்கும். விரலால் தேய்த்தால் வராது. கொட்டலசு வெள்ளையாக, கூம்பாக நிற்கும். எது முதலில் வருகிறது என்று தெரிந்துகொண்டு, சிப்பிக் குஞ்சு தெரிந்த வாரத்தில் மொத்தச் சரத்தையும் இறக்குங்கள். ஓடுகள் முன்கூட்டியே கழுவி, வெயிலில் காய்ந்து, நடுவில் துளை போட்டு, கயிற்றில் கோத்துத் தயாராக இருக்கட்டும். ஓடுகளுக்கு நடுவே ஒரு சாண் இடைவெளி, குழிந்த பக்கம் கீழே பார்க்க. மேல் பக்கத்தில் சேறு படியும், கீழ்ப் பக்கத்தில் படியாது.

எல்லாம் சரியாகச் செய்தும் ஒட்டவில்லை என்றால் உங்கள் இடத்துக்குக் குஞ்சு வரவில்லை என்று அர்த்தம். வளர்வதற்கு நல்ல இடம் எல்லாம் குஞ்சு பிடிக்க நல்ல இடமாக இருக்காது. குஞ்சு விழும் இடத்தில் சரத்தைப் போட்டு, ஒட்டியபின் உங்கள் சட்டத்துக்கு மாற்றலாம். மாற்றும்போது ஈரச் சாக்கு மூடி, வெயில் படாமல், அன்றைக்கே.

இதற்கு நேர்மாறான கோளாறும் உண்டு. ஒரே ஓட்டில் முப்பது, நாற்பது குஞ்சு. பார்க்க மகிழ்ச்சியாக இருக்கும். மார்ச்சில் பார்த்தால் ஒன்றையொன்று நெருக்கி, குறுகலாக, நீளமாக, கத்தி விளிம்போடு வளர்ந்திருக்கும். உள்ளே சதைக்கு இடமே இருக்காது. ஓட்டுக்குப் பத்துப் பதினைந்து போதும். நகத்தளவு இருக்கும்போதே மீதியைச் சுரண்டிவிட மனம் வரவேண்டும்.

சரம் முழுக்கக் கறுப்பாகச் சின்னச் சின்ன கக்கா மூடியிருக்கிறது

இது வரத்தன் கக்கா, அதாவது வெளியிலிருந்து வந்த மட்டி. தென் அமெரிக்கா, மத்திய அமெரிக்கக் கரைகளைச் சேர்ந்த மைட்டெல்லா என்ற இனம். கேரளத்தில் 2018-க்குப் பிறகு கொச்சிக் காயல், அஷ்டமுடி என்று பரவி, சிப்பிச் சரத்தையும் கல்லும்மக்காய் (சாப்பிடுகிற கடல் மட்டி) வளர்க்கும் கயிற்றையும் அடிமண் கக்காவையும் மூடிப் படர்ந்துவிட்டது. நிலையான மீன்பிடிப்புக்காக 2014-இல் சர்வதேசச் சான்று வாங்கிய அஷ்டமுடிக் கக்காப் படுகைக்கே இந்தக் கதி. சென்னைக்காரர்களுக்கும் இது புதிதில்லை: எண்ணூர், பழவேற்காடு மீனவர்கள் காக்கா ஆழி என்று சொல்லி நொந்துகொள்வது இதைத்தான்.

அடையாளம்: ஒரு அங்குலத்தைச் சுற்றிய அளவு, கறுப்பு அல்லது பழுப்பு, சிலது பச்சை கலந்து. மெல்லிய ஓடு. நூல் நூலாக விட்டு ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, சரத்தைக் கம்பளி போர்த்தியது போல மூடும். அதைப் பிய்த்துப் பார்த்தால் அடியில் சிப்பி மூச்சுத் திணறிக் கிடக்கும். உயிரோடு இருக்கும், வளர்ந்திருக்காது. பாசியில் பங்கு போகிறது, இடத்தில் பங்கு போகிறது, கயிற்றில் பாரம் ஏறுகிறது. உப்பு குறைந்தாலும் தாங்கும், கூடினாலும் தாங்கும். அதனால் உப்பை நம்பி இதை ஒழிக்க முடியாது.

முழுத் தீர்வு இல்லை, கட்டுப்படுத்தலாம். நூல் இன்னும் உறுதிப்படாத சின்னப் பருவத்திலேயே கையுறை போட்டு உருவிவிட வேண்டும். சின்னதாக இருக்கையில் ஒரு சரத்தைச் சுத்தம் செய்வது சில நிமிட வேலை. மூன்று மாதம் விட்டால் கத்தியால் அறுக்க வேண்டும், அறுக்கும்போது சிப்பியும் கூட வந்துவிடும். அடுத்து, உயரம். இந்தக் கக்காவின் ஓடு மெல்லியது, சிப்பி அளவுக்கு இறுக மூடிக்கொள்ளாது, காற்றில் நெடுநேரம் இருந்தால் நம் சிப்பியை விடச் சீக்கிரம் வாடும். எனவே சிப்பி ரூபாய்க் காசு அளவைத் தாண்டியபின், சரத்தைச் சற்று உயர்த்திக் கட்டி, காலை இறக்கத்தில் மேல்பாதி தண்ணீருக்கு வெளியே நிற்கும்படி செய்யலாம். வளர்ச்சி கொஞ்சம் குறையும். குறையட்டும், மூடிப்போவதைவிட மேல்.

உருவியதைத் தண்ணீரில் போடாதீர்கள். விழுந்த கொத்து வேறொரு கழியில் ஒட்டி மறுபடி தொடங்கும். கரைக்குக் கொண்டுவந்து குழியில் போட்டு மூடுங்கள். படகு, கயிறு, பழைய மூங்கில், வலை எதுவும் வேறு காயலுக்குப் போவதற்குமுன் நன்றாக வெயிலில் காயட்டும்.

கொட்டலசு, உள் ஓட்டில் கறுப்புக் கொப்புளம்

கொட்டலசு சிப்பியைக் கொல்லாது, இடத்தையும் பார்வையையும்தான் கெடுக்கும். அறுவடைக்குப் பின் சுரண்டினால் போதும். நடுவில் அதிகமாகப் போனால் காலை வேளையில் சரத்தை நிழலில் காயவிடுங்கள். சின்னக் கொட்டலசு உதிரும்.

கொப்புளம் வேறு விஷயம். சிப்பியைத் திறந்தால் உள் ஓட்டில் சாம்பல், கறுப்பு நிறத்தில் மெல்லிய திட்டு புடைத்திருக்கும். கத்தி முனையால் குத்தினால் உடைந்து சேறு வரும், கூடவே நாற்றம். பாலிடோரா என்ற சேற்றுப்புழு ஓட்டைத் துளைத்து வளை போட்டிருக்கிறது. சிப்பி தன்னைக் காத்துக்கொள்ள அதன்மேல் ஓடு பூசியிருக்கிறது. சாப்பிட்டால் தீங்கில்லை, ஓட்டோடு தட்டில் வைத்தால் வாங்கியவர் முகம் சுளிப்பார். சிப்பியும் ஓடு பூசுவதிலேயே சக்தியைச் செலவழித்து மெலியும். புழு சேறு இருக்கும் இடத்தில்தான் பெருகும், ஆகவே இங்கேயும் முதல் வேலை சரத்தை உயர்த்துவது. அப்புறம் வாரம் ஒருமுறை சில மணி நேரம் நிழலில் காயவிடுவது. சிலர் நல்ல தண்ணீரில் முக்கி எடுத்துக் காயவிடுகிறார்கள்: சிப்பி மூடிக்கொள்ளும், புழுவால் மூடிக்கொள்ள முடியாது. ஓட்டின் வெளிப்பக்கம் ஊசித் துளைகளில் மஞ்சள், ஆரஞ்சுப் புள்ளிகள் தெரிந்து, அழுத்தினால் ஓடு பிஸ்கட் போல நொறுங்கினால் அது துளைக்கும் கடற்பஞ்சு. அந்த ஓடுகளை அடுத்த வருடச் சரத்துக்குத் திரும்ப எடுக்காதீர்கள்.

சட்டம் சாய்கிறது

மூங்கில் கழியைப் புழு தின்றிருக்கும், அல்லது பாரம் கூடியிருக்கும். அறுவடை நேரத்தில் ஒரு மீட்டர்ச் சரம் ஐந்து கிலோவைத் தாண்டும். நூறு சரம் தொங்கினால் அரை டன். தண்ணீருக்குள் பாரம் தெரியாது. இறக்கத்தில் மேல்பாதி வெளியே வரும்போதுதான் குறுக்குக் கழி முறியும். ஏப்ரலிலேயே பெரிய சரங்களை ஒரு சுற்று எடுத்துவிட்டால் சட்டமும் பிழைக்கும், மீதிச் சிப்பியும் பருக்கும்.

ஓடு பெரிதாக இருக்கிறது, உள்ளே சதை இல்லை

பத்துச் சிப்பியை எடை போடுங்கள். திறந்து, சதையை வடிகட்டி எடை போடுங்கள். மொத்த எடையில் 8 முதல் 10 சதவீதம் சதை இருந்தால் அறுவடைக்குச் சரி. 5-ஐ ஒட்டி இருந்தால் காத்திருங்கள். சதையின் நிறமும் பேசும்: பாலேடு போல வெளுத்து, புடைத்திருந்தால் நல்லது. கண்ணாடி போல மறுபக்கம் தெரிந்து, தொளதொளவென்று இருந்தால் அப்போதுதான் முட்டை விட்டிருக்கிறது. மூன்று நான்கு வாரத்தில் திரும்பத் தேறும். எப்போது பார்த்தாலும் மெலிவு என்றால் நெருக்கம்தான் காரணம். சட்டத்தின் ஓரச் சரங்களும் நடுச் சரங்களும் ஒரே அளவா என்று பாருங்கள். ஓரம் கொழுத்து நடு மெலிந்திருந்தால் தண்ணீர் உள்ளே போவதற்குள் பாசி தீர்ந்துவிடுகிறது. ஒன்று விட்டு ஒன்று சரத்தை எடுத்துவிடுங்கள்.

வாங்கியவருக்கு வயிறு கெட்டது

இந்த ஒன்றில் மட்டும் சமாதானமே கூடாது. சிப்பி தண்ணீரில் இருக்கும் கிருமி எல்லாவற்றையும் வடிகட்டித் தனக்குள் வைத்துக்கொள்ளும். ஆற்றோரத்தில் வீடுகள் இருக்கும் வரை சாக்கடை வரும். மழைக்குப் பிறகு சில நாள் அறுவடை செய்யாதீர்கள்.

அறுவடை செய்ததைச் சுத்தமான, வடிகட்டிய கடல் தண்ணீர்த் தொட்டியில் 24 மணி நேரம் வைக்க வேண்டும். 12 மணி நேரம் ஆனதும் தண்ணீரை வடித்து, கழிவைப் பீய்ச்சிக் கழுவி, புதுத் தண்ணீரில் இன்னொரு 12 மணி நேரம். கடைசியில் 3 பிபிஎம் (பத்து லட்சத்துக்கு 3 பங்கு) குளோரின் கலந்த கடல் தண்ணீரில் ஒரு மணி நேரம் வைத்து மறுபடி அலசுவது ஆராய்ச்சி நிலையம் சொல்லும் முறை. அடித்தட்டில் நேராகக் குவிக்காமல், தட்டி போட்டு அதன்மேல் பரப்புங்கள். கழிவு கீழே விழும், திரும்பச் சிப்பிக்குள் போகாது. நன்னீரில் ஊறவைப்பது சுத்திகரிப்பு ஆகாது: சிப்பி வாயே திறக்காது, உள்ளே இருப்பது உள்ளேயே இருக்கும். அப்படியே பச்சையாகத் தின்கிற பழக்கத்தை வெளிநாட்டு வீடியோ பார்த்து ஆரம்பிக்க வேண்டாம். ஆவியில் வேகவைத்தால் ஓடும் தானே திறக்கும், சதையும் முழுசாக வரும்.

தொட்டியும் சமையலும் காப்பாற்றாத ஒன்று இருக்கிறது. கடல் தண்ணீர் சிவப்பாகவோ பழுப்பாகவோ பச்சையாகவோ நிறம் மாறினால் பாசி பெருகியிருக்கிறது; அதில் சில வகை நஞ்சு உள்ளவை. வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. 1997-இல் விழிஞ்ஞத்தில் கல்லும்மக்காய் சாப்பிட்டவர்கள் உயிரிழந்தது இப்படித்தான். உதடும் நாக்கும் விரல்நுனியும் மரத்துப்போவதாக யாராவது சொன்னால் வயிற்றுக்கோளாறு என்று வீட்டில் வைத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். என்ன சாப்பிட்டார்கள் என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். மீதிச் சிப்பியைக் கொட்டாமல் சோதனைக்கு எடுத்துவையுங்கள். நிறம் தெளிந்து, மீன்வளத் துறை சரி என்று சொல்லும் வரை அந்தச் சட்டத்தைத் தொடாதீர்கள்.

சந்தைக்கு அனுப்பும்போது குழிந்த ஓடு கீழே இருக்கும்படி அடுக்கி, ஈரச் சாக்கு மூடி, நிழலில் வையுங்கள். இப்படி ஒரு நாள் தாங்கும். கடைக்காரரிடம் இறக்கும்போது ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்து, மூடாததை அவர் எதிரிலேயே பொறுக்கி எறிந்துவிடுங்கள். எத்தனை போனதோ அத்தனைக்குக் கணக்கில் கழித்துக்கொள்ளுங்கள்.